நேர்மையான கருத்து என்ற பெயரில் நாம் செய்யும் தவறுகள்

2023-ல் ரெபெக்கா யாரோஸின் ‘ஃபோர்த் விங்’ நாவலைப் படித்து முடித்தபோது இரவு இரண்டு மணி. அப்போதே ஃபோனை எடுத்து, ‘டிராகன்களுக்கு இருக்கும் மூளை கதைக்கு இல்லை’ என்று ஒரு வரி எழுதி, ஒரு நட்சத்திரம் போட்டுவிட்டுப் படுத்தேன். நல்ல வரி என்று எனக்கே பெருமையாக இருந்தது. காலையில் அக்கா மகள் அதைப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

“பிடிக்காத புத்தகத்தை எதுக்கு சித்தி ரெண்டே நாள்ல 500 பக்கம் படிச்சீங்க?”

எனக்கு வாய் அடைத்துவிட்டது. நான் எழுதியதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் அந்த இரண்டு நாளும் அடுப்பில் பாலை வைத்துவிட்டு மறந்ததையும், நாளைக்குப் படிக்கலாம் என்று மூடிய புத்தகத்தைப் பத்து நிமிடத்தில் மறுபடி திறந்ததையும் மறைத்துவிட்டேன். காதல் நாவல், ஃபேன்டஸி எனப்படும் மாயாஜாலக் கற்பனை நாவல் பற்றிய கருத்துகளில் நடக்கும் தவறுகளில் பாதிக்கு மேல் இந்த வகைதான். சொன்னது சரியாகத்தான் இருக்கும், சொல்லாமல் விட்டதில்தான் கோளாறு. அதற்கப்புறம் நானும் பல முறை தடுக்கி விழுந்திருக்கிறேன், மற்றவர்கள் விழுவதையும் பார்க்கிறேன். அவற்றில் சிலவற்றை இங்கே எழுதுகிறேன்.

முதலில் மிகப் பழைய குறை. ‘கடைசியில் சேர்ந்துவிடுவார்கள் என்று முதல் பக்கத்திலேயே தெரிந்துவிட்டது.’

தெரியத்தான் வேண்டும். ஒரு நாவலை ரொமான்ஸ் என்று சொல்ல, அமெரிக்க ரொமான்ஸ் எழுத்தாளர்களின் சங்கம் வகுத்த வரையறையில் இரண்டே நிபந்தனைகள்தான். கதையின் மையத்தில் ஒரு காதல் இருக்க வேண்டும், முடிவு மனதுக்கு நிறைவாகவும் நம்பிக்கை தருவதாகவும் இருக்க வேண்டும். ரமணிசந்திரன் நாவலை வாடகை நூலகத்தில் வரிசையில் நின்று வாங்கிப் படித்த நம் அம்மாக்களுக்கு இதை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. சேர்வார்களா என்பது அவர்களுக்குக் கேள்வியே இல்லை. இவ்வளவு நடந்த பிறகு இந்த இரண்டு பேரும் எப்படிச் சேர முடியும் என்பதுதான் கேள்வி.

எமிலி ஹென்றியின் ‘ஹேப்பி பிளேஸ்’ நாவலை எடுத்துக்கொள்ளுங்கள். 2023-ல் வந்தது. ஹாரியட்டும் வின்னும் பிரிந்து ஐந்து மாதம் ஆகிவிட்டது, நண்பர்களிடம் இன்னும் சொல்லவில்லை. மெய்ன் மாநிலக் கடற்கரையில் ஒரு வீட்டில், ஒரு வாரம், ஒரே அறையில், இன்னும் ஜோடிதான் என்று நடிக்க வேண்டியதாகிறது. முடிவை ஊகிப்பதற்கு எந்தத் திறமையும் தேவையில்லை. என் குறை வேறு. ஹாரியட் அறுவை சிகிச்சைப் பயிற்சியில் இருக்கும் மருத்துவர். தன் வேலை பற்றிக் கடைசியில் அவள் ஒரு முடிவு எடுக்கிறாள். அந்த முடிவுக்கு அவள் வந்து சேரும் பாதை போதுமான அளவு எழுதப்படவில்லை. காதலை நம்பினேன், வேலை பற்றிய அந்த முடிவை நம்பவில்லை. ‘முடிவு பிடிக்கவில்லை’ என்று மட்டும் எழுதியிருந்தால் இந்த இரண்டும் ஒன்றாகக் கலந்து, படிப்பவருக்கு எதுவுமே தெரியாமல் போயிருக்கும்.

இதற்கு நேரெதிரான தவறும் உண்டு: ரொமான்ஸ் இல்லாததை ரொமான்ஸ் என்று கொண்டாடுவது. காலீன் ஹூவரின் ‘இட் எண்ட்ஸ் வித் அஸ்’ வந்தது 2016-ல். டிக்டாக் வாசகர்களின் வீடியோக்களால் சில வருடம் கழித்து மறுபடி பெரிய அளவில் விற்கத் தொடங்கியது. கதையின் மையம் குடும்ப வன்முறை. ஆனால் வெளிர் நிறத்தில் பூப்போட்ட அட்டையும், ‘அழ வைக்கும் காதல் கதை’ என்ற பேச்சும் சேர்ந்துகொண்டதில், எத்தனையோ பேர் அதை இனிப்பான காதல் என்று நினைத்து வாங்கினார்கள். 2023 ஜனவரியில் அந்த நாவலை வைத்து வண்ணம் தீட்டும் புத்தகம் வெளியிடப்போவதாக அறிவித்து, எதிர்ப்பு வந்ததும் கைவிட்டார்கள். நாவலை நல்ல நாவல் என்று சொல்லலாம், மோசம் என்றும் சொல்லலாம். அடி வாங்கிய ஒருத்தி அதைக் கையில் எடுக்கும் முன் உள்ளே என்ன இருக்கிறது என்று ஒரு வரி சொல்லியிருக்க வேண்டும், அவ்வளவுதான். முன்னெச்சரிக்கை போட்டால் கதை உடைந்துவிடும் என்கிறார்கள். வன்முறை இருக்கிறது என்று சொன்னால் போதும், எந்தப் பக்கத்தில் யார் செய்கிறார் என்று சொல்லத் தேவையில்லையே.

அட்டை பற்றி என்னிடம் ஒரு கதை உண்டு. இப்போதைய காதல் நாவல்களுக்குக் கார்ட்டூன் மாதிரி வரைந்த அட்டை போடுவது வழக்கமாகிவிட்டது. அப்படி ஒன்றை, ‘ரொம்ப க்யூட்’ என்று நாலு பேர் எழுதியதை நம்பி, தோழியின் மகளுக்குப் பிறந்தநாள் பரிசாக வாங்கிக் கொடுத்தேன். எட்டாம் வகுப்புப் பெண். மூன்றாம் நாள் தோழி கூப்பிட்டாள். “ஏண்டி, நீ இதைப் படிச்சியா, இல்ல படம் பார்த்து வாங்கினியா?” பதினாறாம் அத்தியாயத்தைப் பிரித்துப் பார்த்த எனக்குக் காது சூடாகிவிட்டது. அந்த நாலு பேரும் ‘ஸ்பைஸ்’, அதாவது படுக்கையறைக் காட்சிகளின் அளவு, பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை. எழுதக் கூச்சம்! கூச்சப்படுகிறவர்கள் மிளகாய்ப் படம் போட்டாவது காட்டலாம், ஆங்கில வாசகர்கள் அதைத்தான் செய்கிறார்கள். படுக்கையறைக் கதவு வரை போய் நின்றுகொள்ளும் நாவலா, உள்ளே போகும் நாவலா என்பது ஒழுக்கம் பற்றிய தீர்ப்பு அல்ல, வெறும் தகவல். ரசத்தில் எவ்வளவு மிளகு என்று கேட்டால் சொல்வதில்லையா, அது போலத்தான்.

சரி, இப்போது ரொமான்டஸி. காதலையும் ஃபேன்டஸியையும் சேர்த்துப் பிசைந்த இந்த வகையில்தான் சண்டை அதிகம். ‘ஃபோர்த் விங்’ தொடரின் மூன்றாவது நாவலான ‘ஆனிக்ஸ் ஸ்டார்ம்’ 2025 ஜனவரியில் வந்தபோது, முதல் வாரத்தில் 27 லட்சம் பிரதிகள் விற்றதாகப் பதிப்பகம் அறிவித்தது. இவ்வளவு விற்றால் எல்லோரும் கருத்துச் சொல்லத்தான் செய்வார்கள். ஃபேன்டஸி மட்டும் படித்து வளர்ந்தவர் வந்து, ‘இந்த நாட்டின் பொருளாதாரம் என்ன, டிராகன்களுக்குத் தீனி எங்கிருந்து வருகிறது’ என்று கேட்பார். காதல் மட்டும் படிப்பவர், ‘இத்தனை போர் எதற்கு’ என்று அலுத்துக்கொள்வார். இரண்டு பேரும் அவரவர் தராசைக் கொண்டுவந்து வேறொரு சரக்கை நிறுக்கிறார்கள்.

எனக்கு உதவுகிற சோதனை ஒன்று உண்டு. காதலை மனதளவில் கதையிலிருந்து உருவிப் பாருங்கள். மிச்சம் நிற்கிறதா? நின்றால் அது காதல் கலந்த ஃபேன்டஸி, விழுந்தால் ஃபேன்டஸி உடை போட்ட காதல். ‘ஃபோர்த் விங்’கில் நாயகி வயலெட்டையும் நாயகன் ஸேடனையும் பிரித்துவிட்டால் போர்க் கல்லூரியும் அதன் குறுகலான மதில் பாலமும் மிஞ்சும், ஆனால் பக்கங்களைப் புரட்ட வைக்கும் விசை போய்விடும். அவனுடைய அப்பாவுக்கு மரண தண்டனை வாங்கிக் கொடுத்தது அவளுடைய அம்மா. கதையின் வண்டி அந்த ஒரு உறவில்தான் ஓடுகிறது. இதைப் புரிந்துகொள்ளாமல்தான் நான் அந்த ஒரு நட்சத்திரத்தைப் போட்டேன்.

ஆனால் வகையைச் சொல்லி எல்லாவற்றுக்கும் விலக்கு கொடுத்துவிடவும் கூடாது. ‘ரொமான்டஸிதானே, உலகக் கட்டுமானம் எல்லாம் எதிர்பார்க்காதே’ என்பது அந்த வகைக்கே அவமானம். டிராகன் சவாரிக் கல்லூரி மாணவர்கள் இன்றைய அமெரிக்க ஹாஸ்டலில் பேசுகிற மாதிரி பேசினால் அது காதைக் குத்துகிறது, அதைச் சொல்லலாம். யாரோஸ் தன் டிராகன்களுக்கும் இடங்களுக்கும் ஸ்காட்லாந்தின் கேலிக் மொழிச் சொற்களை எடுத்துப் பெயர் வைத்திருக்கிறார். அவற்றை அவர் உச்சரித்த விதத்தைக் கேட்டு அந்த மொழிக்காரர்கள் வருத்தப்பட்டார்கள். பேசுகிறவர்கள் குறைந்துகொண்டே வரும் மொழி அது. தமிழ்ப் பெயரை ஒருவர் நாவலில் அழகுக்காக வைத்து, ‘ழ’வைக் கொன்றால் நமக்கு எப்படி இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். இதைக் குறையாகச் சொல்வது பொருத்தமானதுதான். டிராகன் தீனியின் கணக்கு கேட்பதுதான் பொருத்தமற்றது.

மாயாஜாலத்தைப் பற்றிய புகாரும் இப்படித்தான். ‘மந்திரத்துக்கு விதிகளே இல்லை’ என்று எழுதுவதற்கு முன், அந்தக் கதை மந்திரத்தை எதற்குப் பயன்படுத்துகிறது என்று பார்க்க வேண்டும். ஃபேன்டஸி எழுத்தாளர் பிராண்டன் சாண்டர்சன் சொல்லி வரும் ஒரு கணக்கு இங்கே உதவும். வாசகருக்கு மந்திரம் எந்த அளவுக்குப் புரிந்திருக்கிறதோ, அந்த அளவுக்குத்தான் எழுத்தாளர் அதை வைத்துச் சிக்கலை அவிழ்க்கலாம். ஹெதர் ஃபாசெட்டின் எமிலி வைல்ட் கதையில், பனி மூடிய ஒரு வடக்கத்திய கிராமத்துக்குத் தேவதை இனங்களை ஆராயப் போகிறாள் ஒரு பேராசிரியை. நாட்குறிப்பும் அடிக்குறிப்புமாக ஓடும் நாவல். அங்கே தேவதைகள் ஏன் அப்படி நடந்துகொள்கிறார்கள் என்று முழுசாக விளங்காமல் இருப்பதுதான் பயமே, சுவையும் அதுதான். அதில் போய் விதிப் புத்தகம் கேட்டால் பேய்க் கதையில் பேயின் ஆதார் அட்டையைக் கேட்பது மாதிரி. ஆனால் எந்த நாவலாக இருந்தாலும், உச்சகட்டத்தில் நாயகிக்குத் திடீரென்று இதுவரை சொல்லாத ஒரு சக்தி வந்து எதிரியைச் சாம்பலாக்கினால், அங்கே தாராளமாகச் சத்தம் போடலாம்.

‘ஒன்றுமே நடக்கவில்லை’ என்பதும் அடிக்கடி கேட்கும் புகார். டிராவிஸ் பால்ட்ரீயின் ‘லெஜண்ட்ஸ் அண்ட் லாட்டேஸ்’ நாவலில் வாள் வீசி அலுத்துப்போன, ஓர்க் என்ற முரட்டுக் கற்பனை இனத்துப் பெண் ஒருத்தி, காப்பி என்றால் என்னவென்றே தெரியாத ஊரில் காப்பிக் கடை வைக்கிறாள். அவ்வளவுதான் கதை. 2022-ல் அவர் சொந்தமாக வெளியிட்டது, பிறகு பெரிய பதிப்பகம் எடுத்துக்கொண்டது. இதில் உலகத்தைக் காப்பாற்றும் போர் இல்லை என்று திட்டுவதில் பயனில்லை. கடைக்குள் வரும் பாத்திரங்கள் எல்லோரும் கொஞ்சம் அளவுக்கு மீறி நல்லவர்களாக இருப்பதால், கடைக்கு ஆபத்து வரும்போதும் நமக்குப் பதற்றம் வரவில்லை. என் குறை அது. கதை தானே தேர்ந்தெடுத்த சின்ன அளவுக்குள்ளேயே வைத்துச் சொல்லும் குறை.

பழைய கதையைப் புதிதாகச் சொல்லும் மறுகதைகளில் இன்னொரு வழுக்கல். வைஷ்ணவி படேலின் ‘கைகேயி’ 2022-ல் வந்தபோது, ‘இது ராமாயணம் இல்லை’ என்று படிக்காமலேயே எழுதியவர்கள் உண்டு. கம்பனைப் படித்த ஊரில் பிறந்தவர்கள் இதைச் சொல்லத் தயங்க வேண்டும். வால்மீகியில் ராவணன் சீதையைத் தூக்கிச் செல்கிறான். கம்பனில் அவளைத் தொடாமல் பர்ணசாலையோடு நிலத்தைப் பெயர்த்து எடுக்கிறான். கைகேயியைக்கூடக் கம்பன் பிறவிக் கெட்டவளாக்கவில்லை, தூய மனம் தேவர்களின் மாயையால் திரிந்தது என்கிறான். ஆக, மாற்றினார் என்பது குறை அல்ல. மாற்றி என்ன பெற்றார் என்று கேட்கலாம். மனிதர்களுக்கு இடையிலான உறவுகளை நூல்களாகப் பார்க்கும் சக்தி கைகேயிக்கு இருப்பதாகப் படேல் வைத்திருப்பது எனக்கு மிகவும் பிடித்தது. அவளை உயர்த்துவதற்காக எதிரில் நிற்பவர்களைத் தட்டையாக்கியது பிடிக்கவில்லை. இதைச் சொல்ல நாவலை முழுதாகப் படித்திருக்க வேண்டும், அது வேறு விஷயம்.

ட்ரோப், அதாவது கதைகளில் திரும்பத் திரும்ப வரும் வார்ப்புகள், அவற்றின் பட்டியல் என்னை எரிச்சலூட்டும் இன்னொன்று. ‘எதிரிகள் காதலர்களாவது, பொய்க் காதல், ஒரே ஒரு கட்டில், சிடுமூஞ்சியும் சிரித்தமூஞ்சியும்’ என்று வரிசையாக எழுதி, கீழே இதயம் போட்டுவிடுகிறார்கள். அரிசி, உளுந்து, வெந்தயம் என்று எழுதிவிட்டால் இட்லி எப்படி இருந்தது என்று தெரிந்துவிடுமா? எமிலி ஹென்றியின் ‘புக் லவர்ஸ்’ நாவலில் நாயகி நோரா யார் தெரியுமா? சிற்றூர்க் காதல் கதைகளில் நாயகன் கழற்றிவிட்டுப் போவானே, வேலையே கதி என்றிருக்கும் நகரத்துப் பெண், அவள்தான். வார்ப்புருவைத் தெரிந்துவைத்துக்கொண்டு அதைத் திருப்பிப் போடுகிறது கதை. பட்டியலில் ‘சிற்றூர்க் காதல்’ என்று மட்டும் எழுதினால் இந்தத் திருப்பம் காணாமல் போய்விடும்.

பாத்திரத்தின் குற்றத்தை எழுத்தாளர் தலையில் கட்டுவதும் நடக்கிறது. நாயகன் பொறாமைக்காரன், மிரட்டுகிறான், நாலு பேரைக் கொன்றவன். ‘இப்படிப்பட்டவனைக் காதலிக்கச் சொல்கிறாரா எழுத்தாளர்’ என்று கோபம். நான் பார்ப்பது வேறு: அவன் செய்வது தப்பு என்று கதைக்குத் தெரிகிறதா? அவள் ‘வேண்டாம்’ என்று சொன்னால் கதை அதைக் காதில் வாங்குகிறதா? வாங்கினால் இருட்டான நாயகன் எவ்வளவு இருட்டாகவும் இருந்துகொள்ளட்டும். வாங்காமல், மிரட்டலையே அன்பு என்று வயலின் வாசித்தால், அங்கே கோபப்படுவது சரி.

தொடர்களில் அவசரம் கூடாது. சாரா ஜே. மாஸின் ‘எ கோர்ட் ஆஃப் தார்ன்ஸ் அண்ட் ரோஸஸ்’ முதல் நாவல் 2015-ல் வந்தது. ‘அழகியும் அரக்கனும்’ பழங்கதையின் சாயல் கொண்டது. அதை மட்டும் படித்துவிட்டுத் தொடர் முழுவதற்கும் தீர்ப்புச் சொன்னவர்கள், இரண்டாவது நாவலைப் படித்ததும் பழைய கருத்தை ஓசைப்படாமல் அழித்தார்கள். ஏன் என்று இங்கே சொல்ல மாட்டேன். சொன்னால் அதுவே இன்னொரு தவறாகிவிடும். அதற்காக முதல் நாவலின் தொய்வை மன்னிக்கவும் தேவையில்லை. 400 பக்கம் பொறுத்துக்கொண்டால் அடுத்த நாவலில் நன்றாக இருக்கும் என்பது வாசகரிடம் கடன் கேட்பது. ‘முதல் நாவல் எனக்கு மூன்று, தொடர் நான்கு’ என்று பிரித்தே சொல்லிவிடலாமே.

நட்சத்திரம் என்றதும் ஞாபகம் வருகிறது. வாசகர்கள் புத்தகங்களுக்கு நட்சத்திரம் போடும் குட்ரீட்ஸ் தளத்தில் இரண்டு என்றால் ‘பரவாயில்லை’, மூன்று என்றால் ‘பிடித்தது’. அவர்கள் வைத்த பொருளே அதுதான். நாம்தான் பரீட்சை மதிப்பெண் மாதிரி நினைத்து, மூன்று கொடுத்தால் ஃபெயில் ஆக்கிவிட்டதாகப் பதறி, பிடித்ததற்கெல்லாம் ஐந்து, பிடிக்காததற்கெல்லாம் ஒன்று என்று போடுகிறோம். அரை நட்சத்திரம் வேறு கிடையாது. பாதியில் நிறுத்திய நாவலுக்கு நான் இப்போது நட்சத்திரமே போடுவதில்லை. எத்தனையாவது பக்கத்தில், எதனால் நிறுத்தினேன் என்று எழுதிவிடுகிறேன். இலவசப் பிரதி வாங்கிப் படித்திருந்தால் அதையும் முதல் வரியிலேயே சொல்லிவிட வேண்டும். வெளிவராத நாவலுக்கு நட்சத்திரம் போடுகிறவர்களைப் பற்றி என்ன சொல்ல! 2023 டிசம்பரில், முதல் நாவல் வெளிவரக் காத்திருந்த ஒரு ஃபேன்டஸி எழுத்தாளரே போலிக் கணக்குகள் தொடங்கி, தன்னைப் போன்ற மற்ற புதியவர்களின் நாவல்களுக்கு ஒற்றை நட்சத்திரம் போட்டு மாட்டிக்கொண்டார். பதிப்பகம் அவருடைய நாவலையே கைவிட்டது.

திட்டி எழுதியதில் எழுத்தாளரை டேக் செய்வது தேவையற்ற வேலை. கல்யாண வீட்டில் சாப்பாடு சரியில்லை என்று பக்கத்து இலைக்காரரிடம் சொல்லலாம், சமையல்காரரைத் தேடிப் போய்ச் சொல்ல வேண்டியதில்லை.

அக்கா மகள் இப்போது கல்லூரிக்குப் போய்விட்டாள். போன மாதம் அந்தப் பழைய கருத்தைத் தேடி எடுத்து அழித்துவிட்டு, இப்படி எழுதி அவளுக்கு அனுப்பினேன்: ‘இரண்டு நாளில் படித்தேன், பால் பொங்கியது தெரியவில்லை. ஃபேன்டஸி உடை போட்ட காதல் இது. உலகம் மெல்லியது, பேச்சு இந்தக் காலத்துப் பேச்சு, ஸ்பைஸ் உண்டு, சாவு நிறைய உண்டு. எலும்பு எளிதில் முறியும் உடம்போடு ஒருத்தி டிராகன் மீது ஏறுவதை இவ்வளவு வலி தெரிய எழுதியவர்கள் குறைவு. கடைசி நூறு பக்கத்தில் வரும் திருப்பத்துக்கு முன்னாலேயே விதை போட்டிருக்கலாம். மூன்று.’

“நாலு போடலாம் சித்தி” என்று பதில் வந்திருக்கிறது.